அச்சில் மாறிய மயில்கழுத்துப் பச்சை: நிறத்துக்காக மானிட்டர் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் வேலை செய்யும் சிறிய வடிவமைப்புக் கூடம் அது. புத்தக மேலட்டை, தயாரிப்புக் கேட்டலாக், பெட்டி வடிவமைப்பு, இடையிடையே சமூக ஊடகப் படங்கள் என்று கலந்த வேலை. உரிமையாளர், மூத்த வடிவமைப்பாளர், படங்களைத் திருத்துபவர், புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஆகியோரே அந்த நான்கு பேர். ஆளுக்கொரு மானிட்டர். நான்கும் வெவ்வேறு சமயங்களில் வாங்கியவை, எதுவும் ஒருமுறைகூட அளந்து பார்க்கப்பட்டதில்லை.

மெருகூட்டிய மண்பாண்டங்களுக்கான கேட்டலாக் ஒன்று ஆஃப்செட்டில் அச்சாகி வந்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. வாடிக்கையாளர் மூன்று குறைகள் சொன்னார். படங்கள் எல்லாமே இருண்டிருந்தன. வெள்ளைப் பின்னணியில் லேசான சிவப்புச் சாயல் தெரிந்தது. மூன்றாவதுதான் அவரை உண்மையில் வருத்தியது: மயில்கழுத்துப் பச்சை மெருகில் அவர் செய்த மூன்று வேறு சாயல்களில் இரண்டு அச்சில் ஒன்றுபோலவே இருந்தன, மூன்றாவதோ பாண்டத்தில் இல்லாத அளவுக்குத் துள்ளியது. மறு அச்சுக்கான செலவைக் கூடமே ஏற்றது.

அதற்குப் பிறகுதான் உரிமையாளர் என்னை அழைத்தார். என் வேலை அச்சுக்கு முந்தைய கட்டத்தில் நிறம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த மூணுல எதை வாங்கலாம், சொல்லுங்க." கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். விளையாட்டுக்கென்று விற்கப்படும் 4கே மானிட்டர் ஒன்று, டிசிஐ-பி3 நிறவெளியை (நிறவெளி என்பது ஒரு திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) ஏறத்தாழ முழுவதும் காட்டும் என்ற விளம்பரத்துடன். 32 அங்குல வளைந்த விஏ மானிட்டர் ஒன்று. 27 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று (விஏ, ஐபிஎஸ் இரண்டும் திரைப் பேனலின் வகைகள்). அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியில் 99 சதவீதம் என்றும், காலிபரேஷன், அதாவது அளந்து நிறத்தைச் சரிப்படுத்துவது, மானிட்டருக்குள்ளேயே நடக்கும் என்றும் அதற்குச் சொல்லப்பட்டிருந்தது, விலையிலும் அதுவே அதிகம்.

வாங்குவதைத் தள்ளிவைத்து, இருப்பதை முதலில் அளப்போம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மறு அச்சுக்குப் பணம் கட்டியவருக்கு வேறென்ன தோன்றும்.

கூடத்தில் கண்டவை

முதலில் கண்ணில் பட்டது அறை. படம் திருத்துபவரின் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். காலையில் திரைமேல் வெளிச்சம் நேராக விழும், மாலையில் அறை இருட்டிவிடும். அச்சகத்திலிருந்து வரும் புரூஃபை (சோதனைப் பிரதியை) அவர் பார்த்தது மேசைமேல் இருந்த மஞ்சள் விளக்கில். பக்கச் சுவர் அடர்ந்த ஆரஞ்சு. அந்தச் சுவரைப் பார்த்தபிறகு வெள்ளைப் பின்னணியின் சிவப்புச் சாயலைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் வந்துவிட்டது. ஆனால் ஊகத்தை வைத்து எதையும் மாற்றக்கூடாது என்பதால் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்து மானிட்டர்கள். மூன்று திரைகள் பெட்டியிலிருந்து வந்த பிரைட்னஸிலேயே ஓடின. திரையின் ஒளியையும் நிறத்தையும் அளக்கும் கலர்மீட்டரை வைத்துப் பார்த்தபோது படம் திருத்துபவரின் திரை 300 நிட்டை (நிட் என்பது ஒளிர்வின் அலகு) தாண்டியது. அவருடைய கணினியில் மாலை நேரத்தில் நீல ஒளியைக் குறைக்கும் அமைப்பு தானாக இயங்கியது. வெள்ளையில் சிவப்பு ஏறியதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று பின்னால் உறுதியானது. மாலையில் திரை மஞ்சளாகத் தெரிய, அதைச் சரிசெய்கிறேன் என்று பச்சையைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்; பச்சை குறைந்தால் சிவப்பு மேலோங்கும். காலையில் திருத்திய படங்களில் அந்தச் சாயல் இல்லை. கோப்புகளில் பதிவான நேரத்தை வைத்துப் பிரித்துப் பார்த்ததும் இது தெளிவாகத் தெரிந்தது.

மூத்த வடிவமைப்பாளரின் மானிட்டர் எச்டிஎம்ஐ வழியாக இணைக்கப்பட்டிருந்தது. கணினி அதைத் தொலைக்காட்சி என்று எண்ணி, கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவை 0 முதல் 255 வரை அனுப்புவதற்குப் பதிலாக 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. கறுப்பு சாம்பலாகி, எல்லாப் படமும் வெளிறித் தெரிந்தது. டிஸ்பிளே அமைப்பில் ஒரு தேர்வை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இளைஞரிடம் இருந்தது டிஎன் என்ற பழைய வகைப் பேனல். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறும். நான் அங்கிருந்தபோதே அவர் மூத்தவரிடம், "அக்கா, உங்க திரையில இது பச்சையா தெரியுது, எனக்கு நீலமா இருக்கே, எதை வச்சு முடிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அதுவரை அங்கே யாரிடமும் பதில் இருந்ததில்லை. யார் திரையில் வாடிக்கையாளருக்குப் பிடித்ததோ அதுவே சரி என்று போயிருக்கிறது.

முதல் முடிவு: மானிட்டருக்கு முன் விளக்கும் மீட்டரும்

இருக்கிற பணத்தில் முதலில் ஒரு கலர்மீட்டரும், 5000 கெல்வின் தரத்தில் (எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும், கூடினால் நீலமாகும்), டி50 என்று அச்சுத் தொழிலில் சொல்லும் ஒளியைத் தரும், பிரைட்னஸை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு விளக்கும் வாங்கச் சொன்னேன். ஜன்னலுக்குத் திரைச்சீலை, ஆரஞ்சுச் சுவருக்கு மங்கிய சாம்பல் வண்ணம். மேசையைத் திருப்பிப் போட்டதற்குச் செலவே இல்லை.

இதற்கான காரணத்தை உரிமையாளருக்கு ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினேன். அச்சுப் பிரதியைப் பார்ப்பதற்கான ஒளியை ஐஎஸ்ஓ 3664 என்ற தரநிலை வரையறுக்கிறது: நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அலகு), சாதாரண மதிப்பீட்டுக்கு 500 லக்ஸ். நல்ல வெள்ளைத்தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பிவிடும். 500 லக்ஸில் அந்தத் தாளின் ஒளிர்வு 500 × 0.9 ÷ 3.14, அதாவது 143 நிட். திரையில் தெரியும் வெள்ளை 300 நிட்டுக்கு மேல். கண்ணுக்கு உறுத்தாத அளவுக்குப் படத்தை இருட்டாக்கித்தான் திருத்துபவர் வேலை செய்திருக்கிறார். அந்தப் படம் தாளுக்குப் போனால் இருண்டுதான் இருக்கும். எந்த விலைக்கு மானிட்டர் வாங்கியிருந்தாலும் பிரைட்னஸ் அப்படியே இருந்திருந்தால் இதே குறை திரும்ப வந்திருக்கும்.

2000 லக்ஸ் ஏன் வேண்டாம் என்ற கேள்வியும் வந்தது. அதே கணக்கில் தாள் 570 நிட்டுக்கு மேல் போகும். மேசையில் பக்கத்துப் பக்கம் வைத்து ஒப்பிடுவதற்கு அது பயன்படாது. அச்சகத்தின் பார்வை மேசையில் அந்த ஒளி இருக்கட்டும், கூடத்தில் 500 லக்ஸை ஒட்டி விளக்கை இறக்கி வைத்து, திரையை 120 முதல் 140 நிட்டுக்குள் அமைத்தோம். சாதாரணத் திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி தரத்தை 1996ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்தன, 1999ல் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்பத் தரநிலை அமைப்பு) ஏற்றுக்கொண்டது. அதில் முன்மாதிரித் திரைக்கு எழுதியிருப்பது வெறும் 80 நிட். இன்றைய மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகவே பெட்டியில் அவ்வளவு வெளிச்சத்தோடு வருகின்றன.

மீட்டரை வைத்துப் பழைய மானிட்டர்களைக் காலிபரேட் செய்து ப்ரொஃபைல், அதாவது ஒரு கருவி நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்ற விவரக் கோப்பு, உருவாக்கினோம். படம் திருத்துபவரின் பழைய 24 அங்குல ஐபிஎஸ் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. எஸ்ஆர்ஜிபி ஏறத்தாழ முழுதாக வந்தது. காட்டவேண்டிய நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டின் அளவான டெல்டா ஈ, சராசரியில் 1க்குள் அடங்கியது. கண்ணால் வேறுபாடு காண முடிகிற எல்லை அந்த 1 என்ற அளவை ஒட்டித்தான் இருக்கும். டிஎன் பேனல் மட்டும் காலிபரேஷனுக்கு அகப்படவில்லை. நடுவில் சரியானால் மேல் ஓரம் தவறியது.

அந்த மண்பாண்டக் கேட்டலாக்கின் படங்களைத் திருத்திய திரையில், சரியான விளக்கின்கீழ் அச்சுப்பிரதியைப் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். இருட்டும் சிவப்புச் சாயலும் திரையிலேயே தெரிந்தன. முதலிரண்டு குறைகளும் புது மானிட்டர் இல்லாமலே தீர்ந்துவிட்டன என்பதை உரிமையாளர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். மயில்கழுத்துப் பச்சை மட்டும் அசையவில்லை. மூன்று சாயல்களும் திரையில் ஒரே சாயலாகவே தெரிந்தன.

இரண்டாம் முடிவு: எந்த நிறவெளி, யாருக்கு

திரையில் ஒன்றாகத் தெரிவது அச்சில் எப்படி இரண்டாகும்? அச்சு எப்போதும் திரையைவிடக் குறைவான நிறங்களைத்தான் காட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. மொத்தத்தில் அது உண்மை, ஆனால் சையான் (பச்சை கலந்த நீலம்) பக்கம் அப்படி இல்லை. பூச்சுத்தாளில் ஆஃப்செட் அச்சின் சையான் மை எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பச்சை-நீலச் சாயல்கள் பலவும் அப்படியே. எஸ்ஆர்ஜிபி திரை அவற்றைத் தன் எல்லைக் கோட்டிலேயே நிறுத்திவிடும். கோட்டுக்கு அப்பால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் திரையில் ஒரே இடம். படப்பிடிப்பாளர் அனுப்பியது அடோபி ஆர்ஜிபி கோப்பு என்பதால் அந்த வேறுபாடு எண்களில் இருந்தது, திருத்துபவரின் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. தெரியாத நிறத்தை அவர் இன்னும் அழுத்தமாக்கியிருக்கிறார். இரண்டு சாயல்கள் மையின் எல்லையில் போய் முட்டி ஒன்றாகிவிட்டன, மூன்றாவது வெளியே துள்ளியது.

ஆக, வாங்கவேண்டியது அகன்ற நிறவெளி கொண்ட திரைதான். இங்கேதான் பட்டியலின் முதல் மானிட்டர் உரிமையாளரை ஈர்த்தது. பி3யும் அகன்ற வெளிதானே, விலையும் குறைவு, 4கே வேறு. அவர் கேட்டது நியாயமே. பதிலை எண்களில்தான் சொல்ல முடிந்தது. நிறங்களை எக்ஸ், ஒய் என்ற இரண்டு எண்களால் குறிக்கும் சிஐஇ 1931 வரைபடத்தில் எஸ்ஆர்ஜிபியின் பச்சை முனை 0.30, 0.60, பி3யின் முனை 0.265, 0.690, 1998ல் வந்த அடோபி ஆர்ஜிபியின் முனை 0.21, 0.71. நீல முனை மூன்றுக்கும் ஒன்றே: 0.15, 0.06. பச்சையிலிருந்து நீலத்துக்கு ஒரு கோடு இழுத்தால் அதுதான் சையான் பக்கத்து எல்லை. ஒய் 0.30 என்ற உயரத்தில் அந்தக் கோடு எஸ்ஆர்ஜிபியில் எக்ஸ் 0.217லும், பி3யில் 0.194லும், அடோபி ஆர்ஜிபியில் 0.172லும் வெட்டுகிறது. பி3 பாதி தூரம்தான் வந்து நிற்கிறது. அடோபி ஆர்ஜிபியைவிட அது அகன்றிருப்பது சிவப்பிலும் ஆரஞ்சிலும்தான். திரைப்படத் திரையிடலுக்காக வகுக்கப்பட்ட வெளி அது, அச்சு மையை மனதில் வைத்து வகுத்ததல்ல. காணொளி வேலை செய்யும் கூடம் என்றால் நான் பி3யைத்தான் சொல்லியிருப்பேன்.

வாதத்தோடு நிறுத்தாமல் ஒரு சோதனையும் செய்தோம். அச்சகத்திடமிருந்து அவர்கள் பயன்படுத்தும் ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, கேட்டலாக்கின் படங்களை அதில் மாற்றி, மூன்று மானிட்டர் வெளிகளுக்கும் எதிராக எல்லை மீறும் நிறங்களைக் காட்டச் சொன்னோம். மயில்கழுத்துப் பச்சைப் பாண்டங்களில் எஸ்ஆர்ஜிபியில் பெரும்பகுதியும், பி3யில் கணிசமான பகுதியும் எல்லைக்கு வெளியே விழுந்தன. அடோபி ஆர்ஜிபியில் எச்சரிக்கை ஓரங்களில் மட்டுமே மிஞ்சியது. பார்த்தபிறகு அவர் மேலும் வாதாடவில்லை.

வளைந்த விஏ மானிட்டரை நீக்குவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நேர்ப்பார்வையில் கறுப்பு ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் இருள் சாயல்கள் வெளிறும். 32 அங்குலத்தை மேசைத் தூரத்தில் பார்க்கும்போது ஓரங்களே பக்கவாட்டுப் பார்வையாகிவிடுகின்றன. பக்க அமைப்பில் நேர்கோடு நேராகத் தெரியவேண்டிய வேலைக்கு வளைவும் உதவாது.

மிச்சமிருந்த 27 அங்குல ஐபிஎஸ் பக்கம் என்னைச் சாய்த்தது நிறவெளி மட்டுமல்ல. சாதாரண மானிட்டரில் காலிபரேஷன் என்பது கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றப்படும் திருத்தம். வெள்ளையை 6500 கெல்வினிலிருந்து கீழே கொண்டுவர நீலத்தைக் குறைக்கவேண்டும். 256 படிகளில் குறைத்தால் சில படிகள் போய்விடும். மெதுவாக மாறும் வானம் போன்ற பரப்புகளில் பட்டைபட்டையாகத் தெரிவது இதனால்தான். இந்த மானிட்டரில் திருத்தம் உள்ளேயே 14 அல்லது 16 பிட் அட்டவணையில் நடக்கும், கணினியிலிருந்து வரும் சமிக்ஞை தொடப்படாமலே இருக்கும். 10 பிட் பேனலா என்று உரிமையாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். 1.07 பில்லியன் நிறம் என்ற எண் காதுக்கு இனிமைதான், ஆனால் இந்தக் கூடத்தின் வேலைக்கு உள் அட்டவணையே அதைவிட முக்கியமானது.

விளம்பரத் தாள்களை எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு மாலை போனது. '100 சதவீத எஸ்ஆர்ஜிபி' என்றால் பரப்பளவின் விகிதமா, உண்மையில் உள்ளடங்கும் பகுதியா என்று பார்க்கவேண்டும். வேறு திசையில் வழிந்து ஓடினாலும் பரப்பளவு 100 ஆகிவிடும். '72 சதவீத என்டிஎஸ்சி' (பழைய தொலைக்காட்சித் தரத்தின் நிறவெளி) என்று போட்டிருந்தால் பரப்பளவில் அது எஸ்ஆர்ஜிபிக்குச் சமமானது, அவ்வளவே. 'டெல்டா ஈ 2க்குள்' என்பது பெரும்பாலும் ஒரே ஒரு முன்னமைவில் (மானிட்டரில் தயாராக வரும் அமைப்பில்), தொழிற்சாலையில் எடுத்த சராசரி. எந்த முன்னமைவு என்பது சின்ன எழுத்தில் இருக்கும். எஸ்ஆர்ஜிபி முன்னமைவில் பிரைட்னஸைப் பூட்டிவிடும் மானிட்டர்கள் உண்டு. பட்டியலின் முதல் மானிட்டர் அந்த வகை என்பது அதன் கையேட்டிலேயே இருந்தது.

நான்கு பேருக்கும் ஒரே மானிட்டர் வாங்கவேண்டாம் என்பதும் இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவு. நிறத்தை முடிவுசெய்யும் மேசை ஒன்றுதான். அகன்ற திரை அந்த மேசைக்கு. டிஎன் பேனலுக்குப் பதில் சாதாரண எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் ஒன்று. மற்ற இரண்டும் காலிபரேட் செய்த நிலையில் தொடரட்டும்.

நிறுவியபோது

முதலில் வந்த மானிட்டரில் முழுத்திரைச் சாம்பலைக் காட்டி, திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளந்தோம். வலது கீழ்மூலை நடுவைவிட மங்கலாகவும் லேசான பச்சை கலந்தும் இருந்தது. திரை முழுவதையும் ஒரே அளவாக்கும் சீர்மைத் திருத்தத்தை இயக்கியும் முழுதாகப் போகவில்லை. திருப்பித் தரும் நிபந்தனையோடு வாங்கியதால் மாற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்தது நன்றாக இருந்தது. ஒரே மாடலில் இரண்டு மானிட்டர்கள் இப்படி வேறுபடுவது அரிதல்ல. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரே நிபந்தனை எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

சீர்மைத் திருத்தத்தை இயக்கினால் மாறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம்) குறையும் என்று படம் திருத்துபவர் கவலைப்பட்டார். குறையத்தான் செய்தது. ஆனால் பூச்சுத்தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டுவதே அரிது. பல நூறுக்கு ஒன்று காட்டும் திரையில் கொஞ்சம் குறைந்தால் அச்சு வேலைக்கு நட்டமில்லை.

அதன்பின் வந்த சிக்கல் கொஞ்சம் விசித்திரமானது. பழைய 24 அங்குலமும் புதியதும் ஒரே மீட்டரால் ஒரே வெள்ளைப் புள்ளிக்கு (திரை எந்தச் சாயலை வெள்ளையாகக் காட்டுகிறது என்ற அளவுக்கு) அமைக்கப்பட்டவை. மீட்டர் இரண்டும் ஒன்று என்றது. கண்ணோ புதியதில் வெள்ளை இளஞ்சிவப்பு என்றது. காரணம் மீட்டரின் இயல்பில் இருந்தது. கலர்மீட்டர் வண்ண வடிகட்டிகள் வழியாக ஒளியை அளக்கிறது; அந்த வடிகட்டிகள் மனிதக் கண்ணின் உணர்வோடு அப்படியே பொருந்துவதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் வழக்கமான வெள்ளை எல்இடி பேக்லைட்டுக்கு இருக்கும் பிழை வேறு, அகன்ற நிறவெளிக்கான பேக்லைட்டுக்கு இருக்கும் பிழை வேறு. ஒவ்வொரு பேக்லைட் வகைக்கும் திருத்தக் கோப்பு உண்டு. மென்பொருளில் பழைய மானிட்டரின் வகையே தேர்வாகிக் கிடந்தது. சரியான வகையைத் தேர்ந்ததும் வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. மிச்சத்தை உறுதிசெய்ய, அலைநீளவாரியாக அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை அச்சகத்திலிருந்து இரவல் வாங்கி இந்த ஜோடிக்கென்றே திருத்தக் கோப்பு உருவாக்கினோம். கட்டற்ற மென்பொருளான ஆர்கில்சிஎம்எஸ் அதற்குப் போதுமாயிருந்தது.

வெள்ளைப் புள்ளியில் தரநிலையின் எண்ணை அப்படியே பின்பற்றவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். விளக்கு 5000 கெல்வின் என்பதால் திரையையும் 5000க்கு வைத்துப் பார்த்தோம். பார்த்த மூவருக்குமே திரை மஞ்சளாகத் தெரிந்தது. 6500ல் தாளுக்குப் பக்கத்தில் நீலம் தூக்கியது. வெற்றுத்தாளை விளக்கின்கீழ் வைத்து, வெற்று வெள்ளைத் திரையோடு ஒப்பிட்டு, படிப்படியாக நகர்த்தியதில் 5800க்கு அருகில் இரண்டும் ஒத்துப்போயின. அந்த இடத்தில் நிறுத்தினோம். வலைத்தள வேலை நடக்கும் மற்ற மேசைகளில் 6500 தொடர்ந்தது.

விளைவுகள்

அதே வாடிக்கையாளரின் அடுத்த கேட்டலாக்கில் இருட்டு, சாயல் பற்றிய குறை எதுவும் வரவில்லை. மயில்கழுத்துப் பச்சையின் மூன்று சாயல்களும் திரையில் பிரிந்து தெரிந்தன, புரூஃபிலும் பிரிந்தே வந்தன. பாண்டத்தையே மேசைமேல் வைத்து ஒப்பிட்டபோது இடைச்சாயல் ஒன்று இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்தது. வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

கோபால்ட் நீல மெருகு வேறு கதை. அந்த நீலம் திரையில் ஒளிரும், நான்கு மை அச்சான சிஎம்ஒய்கேயில் சையானும் மெஜந்தாவும் சேர்ந்து ஊதா கலந்த மங்கல் நீலமாகவே வரும். எந்த மானிட்டரும் இதை மாற்றாது. ஆனால் இப்போது அச்சக ப்ரொஃபைலை வைத்துத் திரையிலேயே முன்னோட்டம் பார்க்க முடிந்ததால், அச்சுக்குப் போகும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்ல முடிந்தது. கூடுதல் மை ஒன்றை ஐந்தாவதாகச் சேர்ப்பதா, இந்த நீலத்தோடு விடுவதா என்று அவரே முடிவெடுத்தார். விட்டுவிட்டார். புதிய மானிட்டரால் கிடைத்த பலன்களில் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்: அச்சில் வராத நிறம் எது என்பது பிளேட் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

எதிர்பாராத பக்கவிளைவும் ஒன்று உண்டு. சமூக ஊடகப் படங்களை இப்போது எல்லோரும் புதிய மானிட்டரிலேயே செய்ய விரும்பினார்கள். அந்த வேலைக்குப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ப்ரொஃபைலைக் கவனிப்பதில்லை. எஸ்ஆர்ஜிபி எண்ணை அப்படியே அகன்ற திரைக்கு அனுப்பிவிடும். சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறித்தன. இளைஞர் அவற்றை அடக்கினார். கைபேசிகளில் பார்த்தவர்களுக்குப் படங்கள் சோர்ந்து தெரிந்தன. ஒரு விளம்பரத் தொடர் முழுவதும் இப்படிப் போனபிறகே கவனித்தார்கள். அதன்பின் அந்த வேலை எஸ்ஆர்ஜிபி மேசையில் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அவசரத்துக்குப் புதிய மானிட்டரை எஸ்ஆர்ஜிபி முன்னமைவுக்கு மாற்றலாம். ஆனால் திரும்ப மாற்ற மறந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு, அதனால் முதல் வழியையே வலியுறுத்தினேன்.

வாடிக்கையாளர் ஒப்புதல் பெறும் முறையும் மாறியது. முன்பு கைபேசியில் பிடிஎஃப் பார்த்து 'சரி' என்று பதில் போட்டால் போதும். இப்போது எழுத்துக்கும் அமைப்புக்கும் அப்படி ஒப்புதல் வாங்குகிறார்கள், நிறத்துக்கு மட்டும் அச்சகப் புரூஃபில் கையெழுத்து. தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள்.

மாற்றவேண்டியவை

அச்சகத்தின் ப்ரொஃபைலை நாங்கள் கேட்டு வாங்கியது நடுவில்தான். அது முதல் நாளே கையில் இருந்திருந்தால் பி3யா அடோபி ஆர்ஜிபியா என்ற விவாதம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். மானிட்டர் வாங்க நினைக்கும் எந்தக் கூடமும் தன் வழக்கமான கோப்புகளில் சிலவற்றை இப்படி எல்லைச் சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். மேலட்டையும் உள்பக்கமும் மங்கிய மண் நிறங்களாக இருக்கும் பதிப்பகத்துக்கு அடோபி ஆர்ஜிபி மானிட்டர் அநேகமாகத் தேவைப்படாது.

படப்பிடிப்பில் வண்ண அட்டை ஒன்றைப் பாண்டத்தின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துத் தரும்படி படப்பிடிப்பாளரிடம் கேட்கவேண்டும். திரை சரியானபின் மிஞ்சிய பிழையில் பாதி கேமராவிலிருந்து வருகிறது என்பது இடைச்சாயல் விவகாரத்தில் தெரிந்தது.

அளவீட்டை மாதம் ஒருமுறை, திரை அரைமணி நேரம் எரிந்து சூடானபின் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதல் சில மாதங்கள் ஒழுங்காக நடந்தது, பிறகு விட்டுப்போனது. குறிப்பேட்டில் அந்த இடைவெளிக்குப் பிந்தைய முதல் அளவீட்டில் பிரைட்னஸ் இறங்கியிருந்தது, வெள்ளைப் புள்ளியும் நகர்ந்திருந்தது. இப்போது பொறுப்பு இளைஞரிடம். தேதியைத் தவறவிட்டால் மென்பொருளே நினைவூட்டும்படி அமைத்திருக்கிறார்கள். விளக்கின் நிறமும் வயதாக ஆக மாறும், அதற்கும் ஒரு தேதி குறிக்கவேண்டும். இதுவரை குறிக்கவில்லை.

பூச்சற்ற தாளில் வரும் வேலைகள் இன்னும் தீராமலே இருக்கின்றன. அந்தத் தாள்களில் பலவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்பொருள் உண்டு. புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிவிடும். மேசை விளக்கில் புற ஊதா குறைவு என்பதால் கூடத்தில் தாள் ஒரு வெள்ளை, ஜன்னலோரத்தில் வேறு வெள்ளை. அந்த வகைத் தாளுக்கென்று தனி ப்ரொஃபைல் தருவதாக அச்சகம் சொல்லியிருக்கிறது. அது வந்தபின் 5800 என்ற வெள்ளைப் புள்ளியை மறுபடி ஒருமுறை தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருக்கும். படம் திருத்துபவர் அதுவரை அந்தத் தாளில் அச்சாகும் மேலட்டைகளுக்குப் புரூஃப் இல்லாமல் கோப்பை அனுப்புவதில்லை.